செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலில் நல்ல அறை கேட்டு வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம், ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய செட்டியார் வீட்டில் ஆறு வருடம் ரிசப்ஷனில் வேலை பார்த்திருக்கிறேன். என் மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கும். இடது பக்கம் அறைகள், வலது பக்கம் அன்றைக்கு வருகிறவர்களின் பெயர்கள். வலது பக்கத்தை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவோம். காலை பத்து மணிக்கு எழுதிய பெயர் மதியத்துக்குள் இரண்டு மூன்று முறை அழிந்து வேறு அறைக்குப் போயிருக்கும். ஒருவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார், ஒருவர் வரமாட்டார், ஒரு அறையில் கீசர் மக்கர் செய்யும். விருந்தாளி வந்து கையெழுத்துப் போட்டு, பை உள்ளே போன பிறகுதான் பேனாவை எடுப்போம்.

நீங்கள் நல்ல அறை கேட்பதற்கான நேரம் அந்தப் பென்சில் நேரம்தான். பலர் பேனா விழுந்த பிறகு, குளித்து முடித்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து கேட்பார்கள். அப்போது மாற்றிக் கொடுத்தால் ஒரு அறையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், அடுத்து வருகிறவரைக் காக்க வைக்க வேண்டும். மனசு இருந்தாலும் கை ஓடாது.

முதலில் வீட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலோ கோவையிலோ ஹோட்டல் என்றால் ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், சூட் என்று படிப்படியாக இருக்கும். பத்து டீலக்ஸ் அறை இருந்தால் பத்தும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அங்கே அப்கிரேடு என்றால் ஒரு படி மேலே ஏறுவது. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி, காரைக்குடி என்று இந்த வட்டாரத்தில் இருக்கிற வீட்டு ஹோட்டல்களில் அந்தக் கணக்கு உதவாது. ஒரே வாடகை போட்ட இரண்டு அறைகள் அண்ணன் தம்பி போலக்கூட இருக்காது.

காரணம் வீட்டின் அமைப்பு. இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலும், பர்மா, இலங்கை, மலேயா வியாபாரத்தில் வந்த பணத்தில் கட்டப்பட்டவை. முன்னால் முகப்பும் திண்ணையும். உள்ளே போனால் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. மேலே மாடி, அதை இங்கே மெத்தை என்பார்கள். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. கல்யாணமானதும் அந்தத் தம்பதி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. அவர்களுடைய சாமான், சீர் வரிசைப் பாத்திரம், பெட்டகம் எல்லாம் அந்த அறைக்குள் இருக்கும். மற்றவர்கள் வளவிலும் பட்டாலை என்ற கூடத்திலும் பாயை விரித்துக் காற்றாடப் படுத்துக்கொள்வார்கள்.

ஆக, அந்த அறைகள் நாள் முழுக்க உட்கார்ந்து இருப்பதற்காகக் கட்டியவை இல்லை. சிறியவை, ஜன்னல் குறைவு, நிலைக்கதவு தாழ்வு, உள்ளே குளியலறை கிடையாது. ஹோட்டலாக மாற்றியவர்கள் சில இடத்தில் இரண்டு அறையை ஒன்றாக்கினார்கள், சில இடத்தில் பக்கத்து அறையைத் தடுத்துக் குளியலறை ஆக்கினார்கள். அதனால்தான் ஒரு அறை விசாலமாகவும் அதே வாடகைக்கு அடுத்த அறை இடுக்காகவும் இருக்கிறது.

இது உங்களுக்கு நல்ல செய்தி. மேல் வகை அறையை இலவசமாகக் கேட்டால் மேனேஜரைக் கேட்க வேண்டும். அதே வாடகையில் இன்னொரு அறையைக் கேட்டால் ரிசப்ஷனில் நிற்கிற பையனே பென்சிலை எடுத்து மாற்றிவிடலாம். அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை.

எந்த அறை உங்களுக்கு நல்ல அறை?

இதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

வளவு அறையில் கதவைத் திறந்தால் தேக்குத் தூண், ஆத்தங்குடி பூக்கல் என்கிற வண்ணத் தரைக்கல், மேலே சதுர வானம். படங்களில் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் தேடுவது இதைத்தான். சித்திரை வெயிலில்கூட தடித்த சுவர் சூட்டை உள்ளே விடாது. வெறுங்காலோடு நடந்தால் பூக்கல்லின் குளுமை உள்ளங்காலில் ஏறும். ஆனால் வளவில் யார் பேசினாலும் உங்கள் கட்டிலுக்கு அருகே பேசுவது போலக் கேட்கும். கதவைத் திறந்து வைத்தால் வளவில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் உள்ளே பார்க்கலாம். போன் சிக்னலும் அந்தச் சுவரைத் தாண்டி வருவதற்குத் திணறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில கீழ் அறைகளில் ஓதம் ஏறி ஒரு வாடை வரும்.

மெத்தை அறையில் காற்றும் வெளிச்சமும் உண்டு. ஜன்னல் வழியாக ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகள் தெரியும். படி செங்குத்தாக இருக்கும். பங்குனி முதல் ஆனி வரை மதிய வெயில் கூரையில் இறங்கி மாலை ஆறு மணிவரை ஏசி போராடும். மார்கழி, தையில் வருகிறீர்கள் என்றால் யோசிக்காமல் மெத்தையைக் கேளுங்கள். கோடையில் கீழே தங்குங்கள். பெரிய அறை மேலே இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

பின்கட்டு அறை அடுப்படிக்குப் பக்கம். காலை ஐந்து மணிக்குப் பாத்திரச் சத்தம் கேட்கும், பத்து மணிக்கு மிளகு சீரகம் வறுக்கிற வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும். தூக்கம் முக்கியம் என்பவர்களுக்குப் பிடிக்காது.

முகப்புக்கு மேலே தெருவைப் பார்த்த அறை, வண்ணக் கண்ணாடி ஜன்னலோடு பெரியதாக இருக்கும். பெரும்பாலும் அதைத்தான் சூட் என்று விலை வைத்திருப்பார்கள். கோயில் திருவிழா நாளில் ஒலிபெருக்கியும் நேராக அந்த ஜன்னலுக்குத்தான் வரும். இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தை முடித்துவிட்டு ஒரு மகன் குடும்பத்தோடு வந்தார். கேட்டார், நாங்களும் சந்தோஷமாக முகப்பு மேல் அறையை அந்தத் தம்பதிக்குக் கொடுத்தோம். பூ போட்டு அலங்காரம்கூடச் செய்தோம். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வந்தவர் மறுபடி ஏறமாட்டேன் என்று வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இரவு ஒன்பதரை மணிக்கு அவர்கள் சாமானைக் கீழே ஒரு சின்ன அறைக்கு இறக்கினோம். அன்றிலிருந்து வயதானவர்கள் வந்தால் படி ஏறுவார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். தரைத்தளமா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வழியில் எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள்.

படி 1: நேரடியாக பதிவு செய்யுங்கள்

ஆன்லைன் தளம் வழியாகப் பதிவு செய்தால் உங்கள் வாடகையில் ஒரு நல்ல பங்கு கமிஷனாகத் தளத்துக்குப் போகும். ஹோட்டலுக்குத் தெரிவது பெரும்பாலும் உங்கள் பெயர், தேதி, அறை வகை போன்ற விவரங்கள்தான். தளத்தில் விலையைப் பார்த்துக்கொண்டு ஹோட்டலுக்கே போன் செய்து, "தளத்தில் இவ்வளவு போட்டிருக்கிறது, நேரடியாக எடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். வாடகையைக் குறைக்காவிட்டாலும் அறையில் கை தாராளமாக இருக்கும். கமிஷன் மிச்சமானது அவர்களுக்கும் தெரியும்.

தளத்தில் ஏற்கனவே பதிவு செய்திருந்தாலும் குற்றமில்லை. அடுத்த படியைத் தவறாமல் செய்யுங்கள்.

படி 2: முந்தைய நாள் ஒரு போன்

மொத்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வருவதற்கு முந்தைய நாள், காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்துக்குள், ஹோட்டலின் சொந்த எண்ணுக்குப் பேசுங்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் டிபன் நேரம், யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பேச்சு இப்படி இருக்கலாம்:

"வணக்கம், நாளைக்கு எங்க பேர்ல ஒரு ரூம் போட்டிருக்கோம். மதியம் மூணு மணிக்கு வந்துடுவோம். அம்மா கூட வர்றாங்க, படி ஏற முடியாது. கீழே, குளியலறை உள்ளேயே இருக்கிற ரூமா ஒதுக்க முடியுமா?"

"பார்க்கிறேன் சார்."

"சரிங்க. பேர் பக்கத்துல குறிச்சு வெச்சுக்குங்க. உங்க பேர் என்னன்னு சொல்றீங்களா? நாளைக்கு வந்து உங்ககிட்டயே கேட்டுக்கிறேன்."

கடைசி வரிதான் வேலை செய்யும். பெயர் சொன்னவர் குறித்து வைப்பார். இந்தப் பேச்சில் காரணம் ஒன்று, வேண்டியது ஒன்று, வரும் நேரம் ஒன்று. அவ்வளவு போதும். "நல்ல ரூமா பார்த்துக் குடுங்க" என்று மொட்டையாகச் சொன்னால் எங்களுக்கு எதை எழுதுவது என்று தெரியாது. எல்லாரும் அதையேதான் சொல்வார்கள்.

கல்யாண நாள், அறுபது, எண்பது, குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்று விசேஷம் இருந்தால் சொல்லுங்கள். உண்மையாக இருக்கட்டும். வாழ்த்துச் சொல்லிக் கொண்டாட ஒரு காரணம் கிடைத்தால் வீட்டு ஹோட்டல்காரர்களுக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. பொய் சொன்னால், கேக் வரும்போது உங்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

படி 3: நாள் பார்த்து வாருங்கள்

காலி அறை இருந்தால்தான் யாரும் கொடுக்க முடியும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் ஊரே நிரம்பியிருக்கும். நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்கள், எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணத்துக்குச் சொந்த ஊர் வருகிறவர்கள் நிறைய. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுக் குழுக்கள் பல மாதம் முன்பே மொத்தமாக அறை பிடித்திருப்பார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லையே என்று நம்பி வர வேண்டாம், அது இவர்கள் வரும் நேரம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி, பொங்கல் விடுமுறை, ஏதாவது சினிமாப் படப்பிடிப்பு என்றாலும் இதே கதைதான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. வெயிலுக்குப் பயந்து ஏப்ரல், மே மாதங்களிலும் கூட்டம் குறைவு. வாரத்தில் ஞாயிறு இரவு முதல் வியாழன் வரை கை தாராளம். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரில் வந்துபோகிற குடும்பங்கள் வெள்ளி, சனியை நிரப்பிவிடுவார்கள். ஒரு இரவுக்குக் கேட்டால் கிடைக்கிற அறை மூன்று இரவுக்குக் கேட்டால் கிடைக்காது. நடுவில் ஒரு நாளாவது அது வேறு யாருக்காவது போயிருக்கும்.

படி 4: வரும் நேரம்

பகல் பன்னிரண்டு மணி செக்-அவுட் கூட்டத்தில் வந்து கேட்காதீர்கள். ஒரு கையில் பில், ஒரு கையில் போன், வாசலில் கார்காரர் ஹார்ன் அடிப்பார். அந்த நேரம் எதைக் கேட்டாலும் "இல்லை" என்றுதான் வாயில் வரும். இரண்டரை மணியிலிருந்து நாலரை மணிக்குள் வாருங்கள். போனவர்கள் போயாயிற்று, அறைகள் சுத்தமாகிவிட்டன, வரவேண்டியவர்களில் பாதிப்பேர் இன்னும் வரவில்லை.

சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்குவதே இரவில்தான். அதற்குள் நல்ல அறைகள் கையெழுத்தாகியிருக்கும். அவர்களுக்கு முந்தைய நாள் போன் மட்டுமே வழி. ரயில் ஏறியதும் இன்னொரு முறை பேசி, வருவது உறுதி என்று சொல்லுங்கள். இரவுக்குள் வராத பெயரைத்தான் நாங்கள் முதலில் அழிப்போம்.

படி 5: ரிசப்ஷனில் கேட்பது

ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை எல்லாருடையதும் கையில் இருக்கட்டும். பையைத் துழாவி ஐந்து நிமிடம் போனால் பின்னால் வரிசை நிற்கும், கேட்க நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கொடுக்கிற வெல்கம் டிரிங்கை நிதானமாகக் குடியுங்கள். அட்டையை நீட்டும்போது, கையெழுத்துக்கு முன்னால், கேளுங்கள்.

"தம்பி, எங்களுக்கு எந்த ரூம் போட்டிருக்கீங்க? மேலேயா, கீழேயா?"

இது முதல் கேள்வி. அவர் பதில் சொல்லட்டும். அப்புறம்: "இதே வாடகைல மெத்தைல ஜன்னல் இருக்கிற ரூம் ஏதாவது இன்னைக்குக் காலியா இருக்கா? இருந்தா அதைப் பார்த்துட்டு எடுத்துக்கிறோம்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் நோட்டையோ கம்ப்யூட்டரையோ பார்க்கிற அந்த அரை நிமிடம் அவருக்கு வேண்டும். அதில் புகுந்து பேசிக்கொண்டே இருந்தால் யோசிக்க விடமாட்டீர்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. "நான் யார் தெரியுமா" வேண்டாம். முதலாளியின் பெயரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். உண்மையாகவே தெரிந்தவர் என்றால் அவரையே முந்தைய நாள் பேசச் சொல்லுங்கள். கூகுளில் எழுதுவேன் என்று மிரட்டினால் கிடைப்பது சிரிப்பும் அதே அறையும்தான். கவுன்ட்டரில் ரூபாய் நோட்டை மடித்து நீட்டவும் வேண்டாம். அந்தப் பையன் வேலை போகும் என்று பயப்படுவான். கொடுக்க மனமிருந்தால் கிளம்பும்போது பை தூக்கியவருக்கும் அறை சுத்தம் செய்த அக்காவுக்கும் கொடுங்கள். அந்த அக்காக்களைக் கேட்கிறவர்கள் குறைவு, அறைகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்களும் இல்லை.

படி 6: பார்த்துவிட்டு எடுங்கள்

பை வளவிலேயே இருக்கட்டும். ஒருவர் மட்டும் போய்ப் பாருங்கள். கட்டிலையும் திரைச்சீலையையும் பார்த்து மயங்க வேண்டாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். ஏசியைப் போட்டு, காற்று தலைக்கு நேராக அடிக்கிறதா பாருங்கள். கதவைச் சாத்தி போன் சிக்னல் இருக்கிறதா பாருங்கள். பழைய மரக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்ளும். நிலை தாழ்வாக இருக்கும், உயரமானவர்கள் குனிந்து நுழையுங்கள். குளியலறைக்குத் தாழ்வாரத்தைத் தாண்டிப் போக வேண்டுமா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், காரணத்தோடு. இரண்டு அறை பார்ப்பது நியாயம். நான்காவது அறையைக் கேட்கும்போது கூட வருகிற பையனின் நடை மெதுவாகிவிடும்.

படி 7: கூடுதல் பணம் கேட்டால் கணக்குப் போடுங்கள்

சில சமயம் "ஆயிரம் ரூபாய் கூடப் போட்டால் சூட் தருகிறோம்" என்பார்கள். மோசமான பேரம் இல்லை. ஆனால் ஜிஎஸ்டியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீத வரி. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம்.

உங்கள் அறை 7,000 என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 7,350. ஆயிரம் கூட்டி 8,000 ஆனால் வரியோடு 9,440. ஆயிரம் என்று கேட்டது உங்கள் பையிலிருந்து 2,090 ஆகப் போகிறது. "7,500-க்குள் முடித்துத் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வரியோடு 7,875-தான். ஹோட்டலுக்கு வருவது ஐந்நூறுதான் குறையும், உங்களுக்கு மிச்சம் 1,565. பலருக்கு இந்தக் கணக்கு தோன்றுவதே இல்லை, கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

இலவசமாக மாற்றித் தந்தால் நீங்கள் கொடுக்கிற வாடகைக்குத்தான் வரி. "வாடகையில் மாற்றம் இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிவு அட்டையில் அதே தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஷிப்ட் மாறிய பிறகு காலையில் பில் போடுகிறவருக்கு இரவு பேசியது தெரியாது. நான் பார்த்த தகராறுகளில் பாதி இதனால் வந்தவை.

இல்லை என்று சொன்னால்

"சரிங்க, நாளைக்குக் காலி ஆகுமா?" என்று கேளுங்கள். இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு மறுநாள் மாற்றித் தருவது எளிது. ஒரே இரவு என்றால் வேறு ஏதாவது கேளுங்கள்: செக்-அவுட்டை இரண்டு மணிவரை தள்ளிக் கொடுக்கச் சொல்லலாம், மெத்தைக்குப் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்க அனுமதி கேட்கலாம், காலியாக இருக்கிற பெரிய அறையைச் சும்மா சுற்றிப் பார்க்கக் கேட்கலாம். கடைசியில் சொன்னதை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக் கதையைச் சொல்ல ஒருவர் கூடவே வருவார்.

ஊருக்குள் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு

காரைக்குடி பேருந்து நிலையத்துப் பக்கம் லாட்ஜ் எடுத்தால் விஷயம் சுருக்கம். தெருப்பக்கம் வேண்டாம், பின்பக்கம் கேளுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற கடைசி மாடியைக் கோடையில் தவிருங்கள். லிப்ட் ஓடுகிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேளுங்கள். நான்-ஏசிக்குப் பணம் கட்டிவிட்டு ஏசி கேட்டால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

கிளம்பும்போது

தங்கிய அறையின் எண்ணையோ பெயரையோ போனில் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த இன்னொரு அறையைப் பார்த்திருந்தால் அதையும் குறியுங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது, "போன தையில் பின்கட்டு ஓரத்தில் இருந்த அந்த மஞ்சள் சுவர் அறையில் இருந்தோம், அதுவே வேணும்" என்று சொல்கிறவரின் பெயரை நாங்கள் பென்சிலில் எழுதினாலும் அழிப்பதில்லை.